மஃரிபுக்கு முந்திய பேய்கள்

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். பேய் வீட்டின் பக்கவாசலில் தொங்கிய படங்குத் திரையைத் தூக்குவதற்கு முன் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால்தான் அந்த நேரம் இன்னும் மனதில் நிற்கிறது. குடும்பங்களுக்கான நேரம் அந்தித் தொழுகையான மஃரிபு வரைக்கும். மஃரிபுக்கு முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, வலது கையில் என் மகளையும் இடது கையில் என் தங்கையின் மகளையும் பிடித்தபடி குனிந்து உள்ளே போனேன்.

அந்த ஒழுங்கை வைத்தவனே நான்தான்.

அந்த வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளை ஒட்டி எங்கள் விளையாட்டுக் கழகம் கல்முனைக் கடற்கரையில் கார்னிவல் போட்டது. பள்ளிக்கூடத்தில் கூரையில்லாமல் நின்ற ஒரு கட்டடத்துக்குக் கூரை போடுவதற்காக. ஊருக்கு டெலிவிஷன் வந்த புதிது. பெட்டி உள்ள வீடுகளின் ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்கிற சனத்தைக் கடற்கரைக்கு இழுக்க ராட்டினமும் மரணக் கிணறும் காணாது, பேய் வீடு ஒன்று வேண்டும் என்று கழகத்துப் பொடியன்கள் சொன்னார்கள். சிலாபம் பக்கத்து ஆள் ஒருவர் பேய் வீட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறார் என்று கேள்விப்பட்டு அவரை வரவழைத்தார்கள். எந்தப் பேய் எங்கள் ஊருக்குச் சரிவரும், யாருக்கு எதைக் காட்டலாம் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். நான் ஆசிரியன். அதோடு, பிள்ளை விஷயத்தில் ஊரிலேயே கூடுதலாகப் பயப்படுகிற தகப்பன் என்று எனக்குப் பெயர் இருந்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பெற்ற மகள். அப்போது ஐந்து வயது. அவள் தும்மினால் எனக்கு நெஞ்சடிக்கும். "சேர் சரியெண்டு சொன்னா எந்தப் புள்ளையும் போகலாம்" என்று கழகத்தில் சிரித்தார்கள். எனக்கு அது பெருமையாகவும் இருந்தது.

பேய் வீட்டு முதலாளி தன் பேய்களையெல்லாம் கடற்கரை மணலில் படங்கு விரித்துப் பரப்பிக் காட்டினார், சந்தையில் மீன் பரப்புவதுபோல. கம்பி இழுத்தால் தாடை ஆடுகிற எலும்புக்கூடு. கண்ணில் சிவப்பு பல்ப் எரிகிற ஆந்தைகள். இருட்டில் கழுத்தில் உரசுகிற ஈரக் கயிற்றுக் கற்றை. மேசைமேல் தலை மட்டும் இருந்து கதைக்கிற பெண்ணுக்கான பெட்டி. சிலுவை போட்ட சவப்பெட்டி ஒன்று, மூடி தானாகத் திறக்கும். நான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். கூர்மையான கம்பி ஏதும் நீட்டிக்கொண்டிருக்கிறதா, பிள்ளையின் கை சிக்குமா, கறுப்புச் சீலை விளக்கில் பட்டுப் பற்றுமா என்றெல்லாம் கேட்டேன். ஆந்தையும் எலும்புக்கூடும் குடும்பங்களுக்கு. கயிற்றுக் கற்றையைப் பெரியவர்களின் உயரத்துக்கே கட்ட வேண்டும். தலைப்பெட்டி வேண்டாம், பெண்பிள்ளையை அப்படிக் காட்டினால் பள்ளிவாசலில் கதை வரும். சவப்பெட்டியும் வேண்டாம். அது அயலில் உள்ள கிறிஸ்தவர்களின் மனதை நோகடிக்கும், எங்கள் ஆட்களுக்கோ அதைக் கண்டு பயமும் வராது.

பிள்ளைகளுக்கான பயம் வெளியே வந்ததும் சிரிப்பாக மாறிவிட வேண்டும், இளந்தாரிகளுக்கான பயம் வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் முதுகில் ஒட்டியிருக்க வேண்டும் என்று அன்று நான் முதலாளிக்கு ஒரு வகுப்பே எடுத்தேன். அவர் கவனமாகக் கேட்டுக்கொண்டார். மஃரிபு வரைக்கும் குடும்பங்கள், இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு பெரிய ஆம்பிளைகள் மட்டும் என்று பேசி முடித்தோம்.

அப்போதுதான் அவர் கேட்டார்.

"சேர், எல்லா ஊர்லயும் அந்தச் சவப்பெட்டிதான் நமக்கு சோறு போடுறது. அது வேணாம்னா, உங்க ஆளுங்க வேற எதுக்குத்தான் பயப்படுவாங்க?"

யோசிக்க எனக்கு நேரமே எடுக்கவில்லை. "வெள்ளத்துணியால சுத்தி ஒரு ஆளப் படுக்க வையுங்க. கிட்ட வந்ததும் எழும்பி இருக்கச் சொல்லுங்க" என்றேன்.

கழகத்தில் ஒருவர் மட்டும் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கல்முனைச் சந்தையில் புடைவைக் கடை வைத்திருந்த ஹாஜியார். இறந்தவரைச் சுற்றுகிற கபன்துணி விளையாட்டுச் சாமானில்லை என்றார். நான் உடனே, "கபனெண்டு ஆரு சொன்ன ஹாஜியார், அது கட்டில் விரிப்பு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, மேலே வாதாடவுமில்லை. அந்தச் சிரிப்பு எனக்குத் தந்த சந்தோஷத்தை நினைக்கும்போது இப்போதும் கூசுகிறது.

எங்கள் ஆள் ஒருவரும் அப்படிப் படுக்கச் சம்மதிக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து ஒருவரைப் பிடித்தார்கள். மேசன்மாருக்குக் கூலிவேலை செய்கிறவர், நாற்பது வயதிருக்கும். அவருக்குத் துணியைச் சுற்றும் விதம் தெரியவில்லை. முதலாளிக்கும் தெரியவில்லை. நான் போய்க் காட்டிக் கொடுத்தேன். வலதுபக்கம் எப்படி மடிய வேண்டும், தலைமாட்டில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு, கால்மாட்டில் ஒரு கட்டு. முகத்தை மட்டும் திறந்து வைக்கச் சொன்னேன். இன்னும் அசலாக இருக்கட்டுமென்று கொஞ்சம் கற்பூரத்தைப் பொடித்துத் தலைமாட்டில் தூவச் சொன்னவனும் நான்தான். இருட்டில் கண்ணுக்கு முந்தி மூக்கு பயப்படும் என்று விளக்கமும் கொடுத்தேன்.

எனக்கு அந்தக் கட்டுகள் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு மாதங்களுக்கு முன்னர்தான் என் தங்கையின் கணவருக்கு அவற்றைக் கட்டியிருந்தேன்.

மச்சானுக்கு வரிப்பத்தான்சேனைப் பக்கம் வயல். சூடடிப்புக் காலத்தில் அங்கேயே வாடி கட்டித் தங்குவார். ஒரு நாள் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வாடியில் சாய்ந்தவர் எழும்பவில்லை. உழவு மெஷினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் போட்டுச் சாய்ந்தமருதுக்கு, தங்கையின் வீட்டுக்குக் கொண்டு வந்தார்கள். குளிப்பாட்டிக் கபன் செய்து முன் அறையில் கிடத்தினோம். பெண்கள் முகம் பார்க்க வந்தபோது அவருடைய மகளையும் யாரோ முன்னால் தள்ளிவிட்டார்கள். எட்டு வயது. உம்மா, மாமிமார், பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோரும் அழ, அவள் மட்டும் அழாமல் என்னைப் பார்த்து, வாப்பாவுக்கு என்ன என்று கேட்டாள். நான் தலைமாட்டில் நின்றேன். கையில் கற்பூர வாசம். மௌத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"வாப்பா நித்திரை மகள். சத்தம் போடாதீங்க" என்றேன்.

அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். அவரைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும்போது, எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று கேட்டாள். பள்ளிக்கு என்றேன். அதில் பொய் இல்லை, பள்ளியில்தானே தொழுகை நடத்தினோம். ஆனால் அங்கிருந்து மையவாடிக்குப் போனதையும், குழியில் இறக்கியதையும், மண் போட்டதையும் அவள் காணவில்லை. எங்கள் பெண்பிள்ளைகள் மையவாடிக்கு வருவதில்லை. வாப்பாவுக்கு என்ன என்று அவள் கேட்டறிந்தது என் வாயிலிருந்து வந்த நித்திரை என்ற அந்த ஒரு சொல்தான்.

அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஒரு வித்தியாசமான வேலை செய்துகொண்டிருந்தாள். முன் அறையில் யாராவது உரத்துக் கதைத்தால் விரலை உதட்டில் வைத்து அடக்குவாள். கதவை அடித்துச் சாத்தினால் கோபிப்பாள். துக்கம் பிள்ளையை இப்படி அமைதியாக்கிவிட்டது என்று நாங்கள் கதைத்துக்கொண்டோம். பள்ளிக்கூடத்தில் இத்தனை பிள்ளைகளைப் படிப்பித்த எனக்கும் அதற்குமேல் ஒன்றும் படவில்லை.

பெருநாளுக்கு மறுநாள் நான் கல்முனைக்குடியிலிருந்து, அதாவது என் மனைவியின் வீட்டிலிருந்து, மகளை சைக்கிளில் வைத்துக்கொண்டு தங்கையின் வீட்டுக்குப் போனேன். தங்கை இத்தாவில், கணவனை இழந்தவள் வீட்டோடு இருக்கிற காலத்தில், இருந்தாள். வெள்ளைச் சீலை, தலையிலும் வெள்ளை. வீட்டு வாசற்படியைத் தாண்டி இரண்டு மாதமாக வெளியே வரவில்லை. நாலு மாதமும் பத்து நாளும் முடியும்வரை வரவும் கூடாது. பிள்ளைக்காவது பெருநாள் தெரியட்டும், கார்னிவலுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். புதிய மஞ்சள் கவுணைப் போட்டு, தலை வாரி, பிள்ளையை என்னிடம் ஒப்படைத்தபோது கதவுக்குப் பின்னால் நின்றபடியே தங்கை சொன்னாள்:

"பயப்புடுற மாதிரி ஒண்டுக்கும் கூட்டிட்டுப் போகாதீங்க காக்கா. அவ இன்னும் சரியாகல்ல."

"எல்லாம் நான் பாத்துத் தெரிஞ்செடுத்ததுதான்" என்றேன்.

கடற்கரையில் ஐஸ்பழம் வாங்கிக் கொடுத்தேன். இருவரையும் ராட்டினத்தில் ஏற்றினேன். அந்தப் பிள்ளை ராட்டினத்தில் ஒரு முறை சிரித்தாள். இரண்டு மாதத்துக்குப் பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்புத்தான் என்னைத் துணிய வைத்தது. பேய் வீட்டையும் காட்டினால் இன்னும் சிரிப்பாள், ஆந்தையையும் எலும்புக்கூட்டையும் கண்டு இரண்டு பேரும் கத்திவிட்டு வெளியே வந்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அதற்காகத்தானே அவற்றைப் பொறுக்கியெடுத்தேன்.

டிக்கெட் வாசலில் நீண்ட வரிசை நின்றது. கழகத்து ஆளாக இருந்துகொண்டு வரிசையில் நிற்பதா? பக்கத்தில் முதலாளியின் ஆட்கள் போய்வருகிற வாசல் இருந்தது. அந்த வாசலால் போனேன்.

வரிசையில் நின்றிருந்தால் டிக்கெட் கிழிப்பவர் என்னைத் தடுத்திருப்பார். அன்று உட்புறக் கிராமங்களிலிருந்து உழவு மெஷின் பெட்டிகளில் இளந்தாரிகள் கூட்டமாக வந்திருந்தார்கள். இருட்டுவதற்குள் திரும்ப வேண்டிய ஆட்கள். இஷாவரைக்கும் நிற்க ஏலாது, பெரியாட்களின் பேயை இப்பவே காட்டு என்று நெருக்கியிருக்கிறார்கள். முதலாளியும் ஒப்புக்கொண்டுவிட்டார். குடும்பங்களை நிறுத்தி வை என்று வாசலில் சொல்லியும் வைத்திருந்தார். பக்கவாசலில் சொல்ல யாரும் இருக்கவில்லை. அந்த வழியால் வருகிறவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

உள்ளே ஆந்தைகள் கண்ணை உருட்டின. என் மகள் கீச்சிட்டுச் சிரித்தாள். எலும்புக்கூடு தாடையை ஆட்டியது. அடுத்த திருப்பத்தில் எனக்குக் கற்பூரம் மணத்தது. மணத்ததும் விளங்கியது. திரும்புவதற்குள் பின்னாலிருந்து இளந்தாரிகளின் கூட்டம் வந்து எங்களை முன்னால் தள்ளியது. நீல வெளிச்சம் விட்டுவிட்டு எரிந்தது. பலகைக் கட்டிலில் வெள்ளையாகக் கிடந்தது, இடுப்பிலிருந்து மெதுவாக எழும்பி உட்கார்ந்தது.

என் மகள் அலறினாள். நான் குனிந்து அவளை இரண்டு கையாலும் அள்ளித் தூக்கி, நெஞ்சோடு அணைத்து, முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டு வெளியே ஓடினேன்.

இரண்டு கையாலும் என்று எழுதிவிட்டேன். அதில்தான் எல்லாம் இருக்கிறது. இடது கையில் இன்னொரு பிள்ளை இருந்தாள்.

சின்னப் பிள்ளை, அதனால் தூக்கினேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். எல்லோரும் சரியென்றார்கள். தங்கையின் மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறாள் என்று நினைத்தேன் என்றும் சொன்னேன். உண்மையில் நான் எதையும் நினைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்கு ஒரு பிள்ளைதான் இருந்தது.

வெளியே வெயில் சாய்ந்திருந்தது. திரும்பிப் பார்த்தேன். இளந்தாரிகள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். மஞ்சள் கவுண் வரவில்லை. மறுபக்க வாசலால் ஓடியிருப்பாள் என்று சுற்றிக்கொண்டு ஓடினேன். அங்கும் இல்லை. அந்தப் பக்கத்தில் கொஞ்சத் தூரத்தில் கடல். எனக்கு முதலில் கடல்தான் தோன்றியது. புடைவைக் கடை ஹாஜியார் கச்சான் கடலை வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அழுகிற என் மகளை அவரிடம் கொடுத்தேன். என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னேன். பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

அலை அடிக்கிற இடத்தில் மேலும் கீழுமாக ஓடினேன். மீன்பிடி வள்ளங்களுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கால்தடம் தேடினேன், பெருநாளுக்கு ஊரே நடந்த மணலில் எந்தக் கால்தடத்தைக் கண்டுபிடிப்பது? பிறகு ஒலிபெருக்கிக்காரரிடம் ஓடிப்போய் அறிவிக்கச் சொன்னேன். மஞ்சள் கவுண், எட்டு வயது, சாய்ந்தமருதில் அண்மையில் மௌத்தான இன்னாருடைய மகள், கண்டவர்கள் கழகக் கொட்டிலுக்குக் கொண்டு வரவும். வாப்பாவின் பெயரைச் சொன்னால் எல்லோருக்கும் தெரியுமென்று நான்தான் சொல்லச் சொன்னேன். ஒலிபெருக்கி அதை மூன்று பக்கமும் கத்தியது. சாய்ந்தமருதுக்காரர் எத்தனை பேர் அங்கே நின்றார்கள் என்றோ, அவர்களில் ஒருவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு எங்கே போவார் என்றோ அப்போது என் புத்தியில் ஓடவில்லை.

முதலாளி வந்து என் தோளைத் தொட்டார். முகம் வெளுத்திருந்தது.

"புள்ள உள்ளதான் சேர் இருக்கு. வரமாட்டேங்குது."

பேய் வீட்டை நிறுத்தியிருந்தார்கள். நீல பல்ப் மட்டும் நிலையாக எரிந்தது. பலகைக் கட்டிலில் பாண்டிருப்பு மனிதர் நீட்டி நிமிர்ந்து கண்ணை மூடிக் கிடந்தார், நான் படுக்கச் சொல்லிக் கொடுத்த மாதிரியே. தங்கையின் மகள் கட்டிலோரம் மணலில் முழங்காலில் இருந்தாள். இடுப்புக் கட்டின் துணி நுனி அவள் கைக்குள் சுருண்டு கிடந்தது. அழுத முகமில்லை. பயந்த முகமுமில்லை. என்னைக் கண்டதும் மற்றக் கையின் விரலை உதட்டில் வைத்தாள்.

"மெதுவா கதைங்க மாமா. எழும்பினவர். நான் கண்டன். சின்னவ கத்தினதாலதான் திரும்பப் படுத்திட்டார்."

அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. முன் அறை, உதட்டில் வைத்த விரல், அடித்துச் சாத்தக்கூடாத கதவு. பிள்ளை இரண்டு மாதமாக நித்திரையைக் காவல் காத்திருக்கிறாள்.

பக்கத்தில் குந்தி, இது உங்கட வாப்பா இல்லை மகள், வேறொரு ஆள் என்றேன். என் குரலுக்கே நம்பிக்கை இல்லை. முகத்தைப் பாருங்கள் என்றேன். அவள் பார்க்க மறுத்துக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவளுக்கு எங்கேயோ தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். தூக்கப் போனேன். கத்தவில்லை. துணியை விடவுமில்லை. துணியோடு சேர்ந்து அந்த மனிதரும் கொஞ்சம் அசைந்தார்.

"நீங்கதானே சொன்ன நித்திரையெண்டு" என்றாள்.

பேய்களைத் தரம் பிரித்து, கம்பி முனைகளையெல்லாம் தடவிப் பார்த்து, கயிற்றை உயர்த்திக் கட்டச் சொன்ன நான், என் பிள்ளைகளில் ஒருத்திக்கு நானே சொன்ன ஒரு சொல்லைத் தடவிப் பார்க்க மறந்துவிட்டேன்.

அந்த மனிதர் உதட்டை மட்டும் அசைத்து என்னிடம் மெல்லக் கேட்டார்.

"சேர், நான் எழும்பவா, கிடக்கவா?"

அவர் எழும்பினால், வாப்பா எழும்பியது உண்மையாகிவிடும். எழும்பாமல் கிடந்தால் பிள்ளை விடியும்வரைக்கும் காத்திருப்பாள். தான் முதன்முறை எழும்பி உட்கார்ந்தபோது எல்லோரும் ஓட, ஒரு பிள்ளை மட்டும் ஓடி வந்து துணியைப் பிடித்து, வாப்பா, ஊட்டுக்குப் போவம் என்றதாம். தனக்கும் பொம்புளைப் பிள்ளை இருக்கிறது, வாய் திறந்து கதைத்தால் வேறு குரலைக் கேட்டுப் பிள்ளை பயந்துவிடும் என்று அப்படியே திரும்பப் படுத்துவிட்டதாகப் பின்னர் சொன்னார். நான் அவருக்கு என்ன சொல்வது? கையால் சைகை காட்டினேன், கொஞ்சம் பொறுங்கள் என்று. எதற்குப் பொறுக்கச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

அப்படியே மூன்று பேரும் இருந்தோம். வெளியே பள்ளிவாசலில் மஃரிபுக்குப் பாங்கு சொன்னார்கள். தொழுகை நேரத்தில் எதுவும் ஓடக்கூடாது என்பதும் நான் வைத்த ஒழுங்குதான், ஜெனரேட்டரை நிறுத்தினார்கள். நீல பல்ப் அணைந்தது. தகர இடுக்குகளால் வந்த அந்தி வெளிச்சம் மட்டும். கடல் இரைச்சல் கேட்டது.

இப்போது என் தங்கையின் மகள் தன் உம்மாவின் உயரத்துக்கு வளர்ந்துவிட்டாள். என்னோடு பகிடி விடுவாள், கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பாள். அந்த நாளைப் பற்றி அவள் கேட்டதில்லை. நானும் அந்தக் கதையை எடுத்ததில்லை. கல்முனைச் சந்தைச் சந்தியில் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டிவந்தால் நான் முதலில் அவளைத்தான் பிடிக்கிறேன், அவளுக்கு வெட்கமாக இருக்கிறது என்று தெரிந்தும். என் மகள் இதைக் கவனித்துவிட்டாள். ராத்தாவத்தான் உங்களுக்கு விருப்பம் என்று ஒரு முறை சொன்னாள். அப்படியாவது அவள் நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் பிழைதான். ஒரு பிள்ளையிடம் இருந்து எடுத்ததை இன்னொரு பிள்ளையின் கணக்கில் போட்டுத் தீர்க்க ஏலாது.

அன்று, பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில், வெளியே கார் ஒன்று மணலில் உறுமி நின்றது. தொழப் போகாமல் வரிசையில் நின்ற பொடியன்களில் எவனோ, "மச்சான், வெள்ள உடுத்து ஒண்டு வெளியாலயும் வருது பார்" என்றான். இன்னொருவன், "இதப் பாக்க டிக்கெட் தேவல்ல" என்றான். சிரித்தார்கள். பிறகு ஹாஜியாரின் குரல் தாழ்ந்து ஏதோ சொன்னது. சிரிப்பு அறுந்தது. யார் வருகிறார்கள் என்று எனக்கு விளங்கிவிட்டது.

பக்கவாசல் படங்கை யாரோ முழுதாகத் தூக்கிப் பிடித்தார்கள். அந்தி வெளிச்சத்தில் என் தங்கை நின்றாள். வாடகைக் காரில் தனியாக வந்திருக்கிறாள். வெள்ளைச் சீலையின் கரையில் வீட்டு முற்றத்து மண். செருப்பில்லை. இத்தாவில் இருக்கிறவள், வீட்டு ஆம்பிளைகளைத் தவிர ஒருவருடைய கண்ணிலும் படாதிருந்தவள், கார்னிவல் சனத்தின் நடுவால் நடந்து வந்து, ஒரு அந்நிய ஆம்பிளை படுத்திருக்கிற இடத்துக்குள் நுழைந்தாள். அந்த மனிதர் கண்ணைத் திறக்காமலே முகத்தைத் தகரப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் அந்தத் துணியைப் பார்த்தாள். தலைமாட்டுக் கட்டைப் பார்த்தாள். இடுப்புக் கட்டைப் பார்த்தாள். யாருடைய கை கட்டிய கட்டு என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூச்சை உள்ளே இழுத்தாள். கற்பூரம் அவளுக்கும் மணத்திருக்கும்.

"உம்மா, சத்தம் போடாம வாங்க" என்றாள் பிள்ளை. "வாப்பா எழும்பினவர்."

தங்கை மணலில் உட்கார்ந்தாள். பிள்ளையைத் தூக்கவில்லை, இழுக்கவில்லை. துணியைப் பிடித்திருந்த அந்தச் சின்னக் கையின்மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். கண்ணீர் இல்லை. என்னை ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஏன் கூட்டிவந்தீர்கள் என்று கேட்கவில்லை. யார் இதைச் செய்தது என்றும் கேட்கவில்லை. தலையை உயர்த்தாமல், வீட்டில் தேத்தண்ணி வேணுமா என்று கேட்கிற அதே சாதாரணக் குரலில் சொன்னாள்:

"நான் சொன்னா நம்பமாட்டா காக்கா. நித்திரையெண்டு சொன்னவர் நீங்க. மௌத்தெண்டும் நீங்களே சொல்லுங்க. நான் புள்ளயப் புடிச்சிக்கிறன்."